நடையா, காலுறையா, வெந்நீரா?

"காலுக்கு ரத்த ஓட்டம் பத்தவில்லை" என்பது கேட்க ஒரே குறைபோல இருக்கும். உண்மையில் அது இரண்டு. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்து, ரத்தம் கீழே இறங்கவே திணறுவது ஒன்று. இறங்கிய ரத்தம், அதை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளின் வால்வு தளர்ந்துபோனதால் மேலே ஏறாமல் தேங்குவது மற்றொன்று. இதைப் பிரிக்காமல் வைத்தியத்தை ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

கொஞ்சதூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? பாதம் சில்லென்று இருக்கிறதா? தமனியைச் சந்தேகப்படுங்கள். சாயங்காலமானால் கால் கனத்து வீங்கி, சாக்ஸ் பட்டை ஆழமாகப் பதிகிறதென்றால் அநேகமாகச் சிரை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் தமனி அடைப்பு. ஊசிகூடக் கிடையாது.

என் ஓட்டு நடைக்குத்தான். இரண்டு வகைக்கும் உதவுவது அது ஒன்றே. சிரைக் கோளாறில் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. தமனிக் கோளாறில் நடக்கும் முறை வேறு: நல்ல வலி வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஆனால் பாதத்தில் புண் இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே வலித்தாலோ முதலில் மருத்துவர்தான். இதயநோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்கட்டும்.

காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை சிரைக்கு அருமை. காலையில், வீக்கம் ஏறுவதற்குள் மாட்டிவிட வேண்டும். குதிகால்வரை உள்புறம் வெளியே திருப்பிக்கொண்டால் ஏற்றுவது சுலபம். மேல்விளிம்பு சுருண்டால் அதுவே கயிறுபோல இறுக்கும். தமனி அடைப்பு மோசமாக இருக்கும் காலில் இதை மாட்டினால் தோலே செத்துப்போகலாம். கணுக்கால் அழுத்தத்தைக் கையோடு ஒப்பிடும் அந்தப் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

காலை உயர்த்தி வைப்பதிலும் இதே சிக்கல். நெஞ்சுக்கு மேலே 15 நிமிடம் தூக்கி வைத்தால் சிரை வீக்கம் வடியும். தமனிக்காரருக்கோ வலி கூடும். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் அவருக்கு நிம்மதி.

வெந்நீர் எனக்குப் பிடிக்காத வைத்தியம். சுகமாக இருக்கும், சரி. ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குச் சூடே தெரியாது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் வெந்தது புரியும். குளிருக்குத் தளர்வான சாக்ஸ் போதும்.

புகைபிடிப்பவர் அதை விடாமல் இதில் எதைச் செய்தும் பலன் குறைவே.

ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் நீவிவிட வேண்டாம். உள்ளே உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம். கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனாலும் அப்படித்தான்: கைவைத்தியத்தை விட்டுவிட்டு அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.