எக்கோவா, டிரெட்மில்லா? மாரடைப்புக்குப் பிறகு எதை நம்புவது

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது, "மறுபடி அடைப்பு வருமா?" இதயச் செயலிழப்பு, அதாவது போதிய ரத்தத்தை வெளித்தள்ள முடியாமல் இதயம் தளர்வது, வருமா என்று யாரும் கேட்பதில்லை. நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, மாலையானால் கால் வீக்கம், தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாத நிலை: மாரடைப்பில் செத்துப்போன தசையின் பாக்கிக் கணக்கு இப்படித்தான் மெல்ல வந்து சேரும். அப்பாவுக்கு அதை முன்கூட்டியே கணிக்க எக்கோவோடு (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) டி.எம்.டி.யும் (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுப்பது என்று முடிவு செய்தோம். என் சாய்வு டி.எம்.டி. பக்கம்தான், மறைக்கவில்லை.

எக்கோ கட்டாயம், அதில் விவாதமே இல்லை. அதில் வரும் இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மருந்துச் சீட்டே மாறும். ஆனால் மாரடைப்பான புதிதில் தசையில் ஒரு பகுதி உயிரோடிருந்தும் மயங்கிக் கிடக்கும், சில வாரங்களில் தேறும். அதனால் முதல் வார எக்கோவை வைத்து ஆளை எடைபோட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், எக்கோ படுக்க வைத்து எடுப்பது. ஒரே இ.எஃப். உள்ள இருவரில் ஒருவர் மாடி ஏறுவார், இன்னொருவர் குளியலறைக்குப் போய் வருவதற்குள் இளைப்பார்.

இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை எளிது. ஆனால் வயதும் சிறுநீரகக் கோளாறும் அந்த எண்ணை ஏற்றிவிடும், உடற்பருமன் இறக்கிவிடும்.

டி.எம்.டி.யில் வழக்கமான புரூஸ் முறைப்படி 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். தொடக்கம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றம். அந்தக் கட்டத்தை முடித்தாலே ஏறக்குறைய 5 மெட். இரண்டாவதை முடித்தால் 7. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன்தான் 1 மெட். மாரடைப்புக்காரர்களுக்குச் சமதளத்தில் தொடங்கும் மாற்று முறையும் உண்டு.

ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் பார்ப்பது பாசிட்டிவா நெகட்டிவா என்று மட்டும். அது அடைப்பைப் பற்றிய பதில். செயலிழப்புக்கான தடயம் மற்ற வரிகளில் இருக்கிறது: எத்தனை மெட் தொட்டார், மூச்சு வாங்கி நிறுத்தினாரா கால் சோர்ந்து நிறுத்தினாரா, நடக்க நடக்க பி.பி. ஏறியதா, நிறுத்திய முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 12க்கு மேல் இறங்கியதா. பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு இலக்கைத் தொடாது. அதற்குப் பதற வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களை வைத்து இத்தாலியில் நடந்த கிஸ்ஸி-2 ஆய்வில், 6 மாதத்துக்குள் இறந்தோர் விகிதம் உடற்பயிற்சிச் சோதனை பாசிட்டிவ் ஆனவர்களைவிட அதைச் செய்யவே இயலாதவர்களிடம்தான் பல மடங்கு அதிகம்.

நான் டி.எம்.டி.யைப் பிடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம், சில மாதம் கழித்து அதையே மறுபடி செய்து பழைய எண்ணோடு ஒப்பிடலாம் என்பது. 5 மெட் 7 ஆனால் உடற்பயிற்சியும் மருந்தும் வேலை செய்கின்றன. 5 நாலானால், எக்கோ மாறாமல் இருந்தாலும், டாக்டரிடம் கேட்க விஷயம் இருக்கிறது. ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்க, முறையும் மாத்திரை நேரமும் மாறக் கூடாது. இன்னொன்று, கைப்பிடி. அப்பா அதை இறுக்கிப் பிடித்துச் சாய்ந்துகொண்டே நடந்தார். "ஐயா, விரல் நுனி பட்டால் போதும், தொங்காதீங்க" என்றார் டெக்னீஷியன். மெட் எண்ணை இயந்திரம் வேகத்தையும் சரிவையும் வைத்துக் கணக்குப் போடுகிறது, அளப்பதில்லை. தொங்கினால் எண் பொய்யாக ஏறும்.

உண்மையிலேயே அளப்பது சி.பெட் என்ற சோதனை. முகத்தில் மாஸ்க் மாட்டி, மூச்சில் போய்வரும் ஆக்சிஜனையே அளப்பார்கள். இதயமாற்றுக்கு யாரை அனுப்புவது என்று பார்க்க, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 14 மி.லி. ஆக்சிஜன் என்ற வரம்பு 1991இல் வந்தது இதை வைத்துத்தான். கிடைத்தால் டி.எம்.டி.யைவிட மேல் என்றே படித்தவரை தோன்றுகிறது. நாங்கள் எடுத்ததில்லை, அது பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடுகிறது.

மூட்டுவலிக்காரருக்கு ஆறு நிமிட நடை போதும்: 30 மீட்டர் தாழ்வாரம், ஒரு கடிகாரம். 300 மீட்டரைத் தாண்டாவிட்டால் கவனிக்க வேண்டும். ஓரளவு திடமானவர்கள் எல்லோரும் நன்றாகவே நடந்துவிடுவதால் அவர்களிடையே வித்தியாசம் தெரியாது.

மாரடைப்பான முதல் இரண்டு நாளிலும், நெஞ்சுவலி அடங்காதவருக்கும், பெருந்தமனி வால்வு மோசமாகச் சுருங்கியவருக்கும் டி.எம்.டி. ஆகாது, நாளைக் குறிப்பது டாக்டர் வேலை. எடுத்தபின் முழு பிரிண்ட் அவுட்டையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஃபைலில் பெரும்பாலும் "நெகட்டிவ்" என்ற ஒற்றை வரிதான் இருக்கும், மெட் எண் இருக்காது.