சேகர கமிட்டியாருக்கான சபை ஒழுங்குப் பயிற்சி: காலை வகுப்பு அருமை, மதியம் சொதப்பல்

பாளையங்கோட்டைப் பக்கம் சேகர கமிட்டியாருக்கு (சில கிறிஸ்தவ சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் குழுவினர்) நடந்த ஒருநாள் பயிற்சி. ஆராதனையில் ரகளை செய்பவர்களை எப்படிக் கையாள்வது என்பதுதான் விஷயம். சாப்பாட்டோடு 300 ரூபாய்.

காலை வகுப்புக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று. நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாட்சி நேரத்தில் (கடவுள் தமக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் நேரம்) ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கணக்கு வழக்கு பேச ஆரம்பித்தால்? நடித்தே காட்டச் சொன்னார். மைக்கைப் பிடுங்கக் கூடாது. மிக்சரில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாடகர் குழு ஒரு கீர்த்தனையை எடுக்க வேண்டும். அதற்குள் அவருக்குப் பழக்கமான ஒரே ஒருவர் பக்கத்தில் போய், "வாங்க அண்ணாச்சி, வெளிய நின்னு பேசுவோம்" என்று கூப்பிட வேண்டும். நாலு பேர் சூழ்ந்தால் ஆள் இன்னும் முறுக்கிக்கொள்வார். குடித்துவிட்டு வருபவரையும் மனநலம் சரியில்லாதவரையும் சபைத் தேர்தல் கோபத்தில் வருபவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றார். ரொம்பப் பிடித்தது.

தவறு செய்தவரிடம் எப்படிப் பேசுவது என்று பைபிளில் மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசையையும் விளக்கினார்: முதலில் தனியாக, பிறகு ஓரிருவருடன், அப்புறம்தான் சபைக்கு. எங்கள் சபையில் முதலில் வாட்ஸ்அப் குழு!

மதியம் சட்ட வகுப்பு. வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 296 என்று பழைய தாளையே நீட்டினார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 300. தண்டனை அதேதான்: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அவியல் நன்று. கோயில்பிள்ளைகளையும் (ஆலயப் பணியாளர்கள்) அழைத்திருக்கலாம், வாசலில் முதலில் மாட்டுவது அவர்கள்தானே. ஐந்துக்கு மூன்றரை.