என்.வி.டி.ஏ திரைவாசிப்பான்: பி.எட் வகுப்புக்கு எவ்வளவு பயன்படும்?

கல்வித் தொழில்நுட்பம் எல்லா மாணவருக்கும் எட்ட வேண்டும் என்ற பாடம் பி.எட் வகுப்புகளில் பெரும்பாலும் சட்டத்தை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடுகிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதைத் தேர்வில் எழுதிவிடுவார்கள். அந்த இடத்தில் சேர்ந்த பார்வையற்ற மாணவர், வாட்ஸ்அப்பில் வரும் நோட்ஸை எப்படிப் படிப்பார்? இதை ஒரே பீரியடில் காட்டிவிடும் மென்பொருள் என்.வி.டி.ஏ.

விண்டோஸில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இலவச, திறமூல மென்பொருள் இது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர்தான், பயன்படுத்துபவரே உருவாக்கிய கருவி என்பது ஒவ்வொரு குறுக்குவிசையிலும் தெரிகிறது.

கல்லூரி லேபில் அட்மின் கடவுச்சொல் கிடைக்காத சிக்கலுக்கு இதிலேயே வழி உண்டு: பென்டிரைவில் போர்ட்டபிள் பிரதி உருவாக்கி அங்கிருந்தே இயக்கலாம். லாகின் திரையிலும் அட்மின் அனுமதி கேட்கும் பெட்டிகளிலும் அது பேசாது. நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால், தொடக்கத் திரையிலேயே லேப்டாப் லேஅவுட்டைத் தேர்ந்து, கேப்ஸ் லாக்கை என்.வி.டி.ஏ விசையாக (இதன் பல கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் விசை) டிக் செய்துவிடுங்கள். மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, கன்ட்ரோலைத் தட்டினால் பேச்சு நிற்கும் என்பது. தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் லேப் சந்தைக்கடை ஆகிவிடும்.

தமிழ்க் குரல்தான் பலவீனமான இடம். கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழ் பேசும், ஆனால் இயந்திரத்தனமாக. புதியவர் காதுக்குப் பிடிபடாது. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, ‘ஸ்பீச்’ வழியே தமிழ்க் குரலைச் சேர்த்தால் ‘வள்ளுவர்’ என்ற குரல் கிடைக்கும். இதற்கு இணையம் வேண்டும், எனவே வகுப்புக்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு என்.வி.டி.ஏவை மூடித் திறந்து, என்.வி.டி.ஏ விசை, கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் சொந்தக் குரல்களான ‘ஒன்கோர்’ குரல்களுக்கு மாறலாம். ஆங்கிலக் குரலே ஓடிக்கொண்டிருந்தால் தமிழ் சரியாக வராது; அது மென்பொருளின் பழுதல்ல.

இதன் உண்மையான பயன் மாணவர்கள் தாங்கள் தயாரித்த பாடக்குறிப்பையே திறந்து கேட்பதில் இருக்கிறது. வேர்டில் என்.வி.டி.ஏ விசையுடன் ஸ்பேஸ் அழுத்தி பிரவுஸ் மோடுக்கு (டைப் செய்யாமல் தாவித் தாவிப் படிக்கும் நிலை) போய், எச் எழுத்தைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவ வேண்டும். (மோடு மாற்றாமல் தட்டினால் கோப்பில் எச் என்றே டைப் ஆகும்.) தலைப்பை வெறுமனே போல்டு செய்து பெரிதாக்கியிருந்தால் எங்கும் தாவாது. ‘இது தலைப்பு’ என்று வேர்டுக்குச் சொல்லும் ஹெடிங் ஸ்டைல் எதற்கு என்பது அப்போது விளக்காமலே புரியும். டூல்ஸ் மெனுவில் உள்ள ஸ்பீச் வியூவரைப் புரொஜெக்டரில் காட்டினால், பேசுவது எழுத்திலும் ஓடும். வகுப்பு முழுவதும் பின்தொடரலாம்.

தமிழ்க் கோப்புகளில் அடிக்கடி வரும் சிக்கல் பாமினி என்ற பழைய எழுத்துரு. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என்.வி.டி.ஏ அந்த உளறலைத்தான் வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் பாமினி நோட்ஸ் சுற்றுவது வேதனை. என்.எச்.எம். கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றிவிட்டு, ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். ஃபோனில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப் இன்னும் மோசம். அது வெறும் படம், படிக்க எழுத்தே இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்து பெருமளவு மீளும். அட்டவணைகள் குலையும், அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

கண்ணைக் கட்டிவிட்டு ‘பார்வையின்மையை அனுபவிக்க’ வைக்கும் பயிற்சிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அரை மணி நேரத் தடுமாற்றம் பரிதாபத்தைத்தான் கற்றுத்தரும். தேர்ந்த பயனர் எவ்வளவு வேகமாகக் கேட்டு வேலை செய்கிறார் என்பது மறைந்துபோகும்.

ஃபோன் மட்டுமே வைத்திருக்கும் மாணவருக்கு என்.வி.டி.ஏ உதவாது, ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான் டாக்பேக்கைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். லேபில் இன்னும் விண்டோஸ் 7 என்றால் 2023.3.4 பதிப்பைத் தேடி இறக்குங்கள். அதற்குப் பிந்தியவை அதில் நிறுவப்படாது.