கடல் மட்டத்தின் பழைய கதையை எந்தக் கணினி மாதிரியிடம் கேட்பது?

கடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உயர்வதில்லை. 1960களுக்குப் பிறகான சில பதிற்றாண்டுகளில் இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியில் மட்டம் ஏறியது. ஆனால் சீஷெல்ஸ், சான்சிபார் தீவுகள் இருக்கும் தெற்கு வெப்பமண்டலப் பகுதியில் அதே காலத்தில் இறங்கியது. தொடர்ச்சியான செயற்கைக்கோள் அளவீடு 1993 முதல்தான் உண்டு. மும்பைத் துறைமுகத்தில் 1878இலிருந்து பதிவு இருக்கிறது என்றாலும், அது கரையில் ஒரு புள்ளி. நடுக்கடலில் அறுபது ஆண்டுகளாக என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அறியக் கணினி மாதிரிகளிடம்தான் போக வேண்டும். அவற்றில் மூன்று வகை உண்டு, மூன்றும் ஒரே கேள்விக்கானவை அல்ல.

முதல் வகையில் கடல் மட்டும் கணினிக்குள் இருக்கும். காற்று, வெயில், மழை எல்லாம் வெளியிலிருந்து தரப்படும். ஜப்பானிய வானிலைத் தரவிலிருந்து உருவான ஜேஆர்ஏ55-டிஓ என்ற தொகுப்பு 1958 முதல் இதற்குக் கிடைக்கிறது. இந்த வகைதான் என் முதல் தேர்வு. காரணம், இதில் ஒரு சுவிட்சை அணைத்துப் பார்க்கலாம். உண்மையான காற்றோடு ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு, ஆண்டுக்கு ஆண்டு மாறாத சராசரிக் காற்றோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் வேலை. சீஷெல்ஸ் பக்கம் மட்டம் இறங்கியதற்குக் காற்றோட்டம் மாறியதே காரணம் என்று கடலியல் ஆய்வாளர் வெய்ச்சிங் ஹான் குழுவினர் 2010இல் காட்டியதும் கடல் மாதிரிகளின் துணையோடுதான். மேற்குப் பசிபிக்கும் இப்படித்தான் புரிந்தது. 1993க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் பிலிப்பைன்ஸை ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் உயர்ந்தது, உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வலுத்துவந்த வணிகக் காற்றைக் கொடுத்ததும் மாதிரியில் அந்த மேடு தானாக எழுந்தது.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. நிலநடுக்கோட்டில் வீசும் காற்று எழுப்பும் கெல்வின் அலை (நிலநடுக்கோட்டையோ கரையையோ ஒட்டியே நகரும் மிக நீண்ட கடலலை) சுமத்ராவில் மோதி, வங்காள விரிகுடாவின் ஓரமாகவே சுற்றி, ஆந்திரா, சென்னை வரை வருகிறது. சென்னையின் மட்டத்தை, சென்னையில் வீசாத காற்றும் தீர்மானிக்கிறது! கரையில் நின்று அளந்தால் மட்டும் இது தெரியவே தெரியாது.

சரி, குறை என்ன? கொடுக்கிற காற்று தப்பென்றால் விடையும் தப்பு. செயற்கைக்கோளுக்கு முந்திய காலத்துக் காற்றுத் தரவுகள் நீண்டகாலப் போக்கில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இன்னொன்றும் உண்டு. இம்மாதிரிகளில் பல, நீரின் கன அளவு மாறாது என்று வைத்துக் கணக்கிடுபவை. அதனால் வெப்பத்தால் உலகக் கடல் முழுதும் விரிவது அவற்றில் நேரடியாக வராது, பின்னால் சேர்க்க வேண்டும். எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்ற வடிவம் மட்டும் இதனால் கெடாது.

இரண்டாவது வகை மறுபகுப்பாய்வு. மாதிரி ஓட ஓட, அளந்த வெப்பநிலை, உப்புத்தன்மை, கடல் மட்டம் ஆகியவற்றை உள்ளே செலுத்தித் திருத்துவார்கள். ஓஆர்ஏஎஸ்5, சோடா போன்றவை இந்த வகை. ஒரு குறிப்பிட்ட மாதத்தில் கடல் எப்படி இருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. நீண்டகாலப் போக்குக்கு மட்டும் நான் தயங்குவேன். 2000க்குப் பிறகு ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கி 2000 மீட்டர் ஆழம்வரை அளக்கத் தொடங்கின. அளக்கும் விதம் மாறியதைக் கடலே மாறியதாக மாதிரி காட்டிவிடக்கூடும். மேலும், ஒவ்வொரு திருத்தத்திலும் வெப்பம் எங்கிருந்தோ வந்து சேரும், காரணம் தேட முடியாது. இவற்றில் எக்கோ என்ற மறுபகுப்பாய்வு மட்டும் வேறு விதம். அது நடுவில் கைவைக்காமல், தொடக்க நிலையையும் காற்றையும் திருத்தி முழு ஓட்டத்தையும் இயற்பியல் விதிக்குள் வைக்கிறது. ஆனால் அதன் கணக்கு 1992இல்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, வளிமண்டலமும் கடலும் இணைந்த காலநிலை மாதிரிகள். இவற்றில் எல் நினோ (பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாவது) தன் விருப்பப்படி வரும், 1997இல் வந்தது 1997இலேயே வராது. அதனால் துறைமுகப் பதிவோடு ஆண்டுவாரியாக ஒப்பிடுவது வீண். ஆனால் ஒரே மாதிரியைச் சற்றே மாறிய தொடக்கங்களோடு பல முறை ஓட்டினால், ஒரு மாற்றம் இயற்கையின் ஊசலா, பசுங்குடில் வாயுக்களின் விளைவா என்று பிரிக்கலாம். எதிர்காலத்தைக் கேட்கவும் இதுதான் வழி.

மாதிரி கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும், அந்தக் கட்டத்தின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு டிகிரிக் கட்டம் என்றால் சுமார் 110 கிலோமீட்டர், வங்கக்கடலின் சுழல்கள் அதில் தெரியாது. பன்னிரண்டில் ஒரு டிகிரி என்றால் சுமார் 9 கிலோமீட்டர், சுழல்கள் தெரியும், ஆனால் அறுபது ஆண்டு ஓட்டினால் செலவு தாங்காது. கால் டிகிரியில் நான்கு வேறு காற்றுத் தரவுகளோடு ஓட்டுவதே, மிக நுண்ணிய ஒரே ஓட்டத்தைவிட எனக்கு மேல். நான்கும் ஒத்துச் சொல்வதை நம்பலாம், பிரியும் இடத்தில் காற்றைச் சந்தேகிக்கலாம்.

அப்புறம், துறைமுக அளவியோடு ஒத்துவரவில்லை என்றவுடன் மாதிரியைக் குறை சொல்லக் கூடாது. கொல்கத்தாவுக்குத் தெற்கே டயமண்ட் ஹார்பரில் கடல் மட்டம் மற்ற இந்தியத் துறைமுகங்களைவிட மிக வேகமாக உயர்வதாகப் பதிவு சொல்கிறது. அதில் ஒரு பங்கு கடல் ஏறியதல்ல, டெல்டாவின் நிலம் அமிழ்ந்தது. எந்தக் கடல் மாதிரியிலும் அது இருக்காது.