குச்சிப்பூச்சி வளர்ப்புப் பெட்டி: கூண்டு நன்று, கையேடு போதாது

குறைந்த பராமரிப்பில் வளர்க்கலாம் என்ற அறிவிப்போடு விற்கப்படும் சிற்றுயிர்ப் பெட்டிகளுள் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், குச்சிப்பூச்சிப் பெட்டியையே முதலில் சொல்வேன். அதோடு வரும் கையேட்டை மட்டும் நம்பி வளர்க்கத் தொடங்க வேண்டாம் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்வேன். வெவ்வேறு பெயர்களில் கிடைத்தாலும் இவ்வகைப் பெட்டிகளின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்: மடித்து விரிக்கக்கூடிய வலைக்கூண்டு, இலைக்கொத்தைச் செருகி வைக்க ஒரு நீர்க்குப்பி, ஒரு தெளிப்பான், முட்டைகள் அடங்கிய சிறு டப்பி, சில பக்கங்களில் ஒரு கையேடு. நான் வாங்கி, அதிலிருந்த முட்டைகளில் தொடங்கிப் பல தலைமுறைகளாக வளர்த்துவரும் பெட்டியை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முட்டைகள் கராசியஸ் மொரோசஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இந்தியக் குச்சிப்பூச்சி என்றும் ஆய்வகக் குச்சிப்பூச்சி என்றும் அழைக்கப்படும் இந்த இனம் 1901-ல் அறிவியல் பெயர் பெற்றது. உலகெங்கும் பள்ளிகளிலும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இன்று வளர்ந்துவரும் பூச்சிகளின் முன்னோர் தமிழ்நாட்டில் சேகரிக்கப்பட்டவை என்ற செய்தி நம் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். குச்சிப்பூச்சி ஆர்வலர்களுக்காக 1980-ல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஃபாஸ்மிட் ஸ்டடி குரூப், வளர்ப்பில் உள்ள இனங்களுக்கு வரிசை எண் இடுகிறது. அதில் எண் 1 இந்த இனத்துக்கு உரியது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தது தயாரிப்பாளர் செய்த மிகச் சரியான முடிவு. இதற்குத் தனி விளக்கோ சூடேற்றியோ தேவையில்லை. 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சாதாரண அறையே போதும். கடிக்காது, கொட்டாது, பறக்காது, சத்தம் எழுப்பாது. வளர்ந்த பெண் பூச்சி 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும்; முட்டையிலிருந்து வெளிவந்தபின் ஏறத்தாழ ஓராண்டு வாழும். ஆண் பூச்சி மிக மிக அரிது. இணை சேராமலே பெண் இடும் முட்டைகள் பொரித்துப் பெண் பூச்சிகளாகவே வளர்வதால், ஒரே ஒரு பூச்சி பிழைத்தாலும் வளர்ப்பு தொடரும்.

பெட்டியின் சிறந்த பகுதி கூண்டு. அது அகலம் குறைந்து உயரம் மிகுந்ததாக, 40 செ.மீ. உயரத்தில் அமைந்திருக்கிறது. பூச்சியின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு உயரம் கூண்டுக்கு வேண்டும் என்பது வளர்ப்போர் பின்பற்றும் விதி. கண்ணாடி மீன் தொட்டி, இனிப்பு வந்த பிளாஸ்டிக் டப்பா என்று கையில் கிடைத்ததில் வளர்ப்பவர்கள் பூச்சிகளை இழப்பது பெரும்பாலும் இந்த விதியை அறியாததால்தான். காரணம் தோலுரிப்பு. முழு வளர்ச்சி அடைவதற்குள் பூச்சி பல முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் உயிர், தடையின்றித் தொங்கக் கிடைக்கும் இடத்தைப் பொறுத்திருக்கிறது.

ஒருமுறை அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டால் கூண்டின் உயரத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பூச்சி கூரை வலையைக் கால் நகங்களால் பற்றித் தலைகீழாகத் தொங்குகிறது. மார்பின் மேற்புறத்தில் தோல் பிளக்கிறது. அந்தப் பிளவின் வழியே தலையும் மார்பும் வெளிவர, உறையிலிருந்து உருவுவதுபோல் ஆறு கால்களும் உணர்கொம்புகளும் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நழுவி விடுபடுகின்றன. வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலில் செருகியிருக்க, வெளிறிய புது உடல் சற்று நேரம் அசையாமல் தொங்குகிறது. கால்கள் ஓரளவு இறுகியபின் உடலை மேல்நோக்கி வளைத்து, தான் கழற்றிய தோலையே பற்றி ஏறி நிமிர்கிறது. பிறகு அந்தத் தோலைத் தின்றுவிடுகிறது. இதனால்தான், காலையில் எழுந்து பார்ப்பவருக்குத் தோல் எதுவும் கண்ணில் படாமல், நேற்றைவிட நீண்டுவிட்ட பூச்சி மட்டும் தெரிகிறது. தொங்கும் வழியில் ஒரு கிளை குறுக்கிட்டாலோ, பிடி நழுவிக் கீழே விழுந்தாலோ, இறுகாத கால்கள் கோணலாகவே இறுகிவிடும். கூரையில் வலை இருப்பதும், இலைக்கொத்து கூரையை முட்டாமல் இருப்பதும் இந்த ஒரு நிகழ்வுக்காகவே முக்கியம். இரண்டாவதைக் கையேடு சொல்லவில்லை. அட்டைப்பெட்டியின் படத்தில் கூண்டு முழுவதும் கிளைகள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதால், வாங்குபவரும் அப்படியே செய்வார்.

கூண்டில் ஒரு குறையும் உண்டு. ஜிப் முடியும் மூலையில் சிறு இடைவெளி இருக்கிறது. வளர்ந்த பூச்சியால் அதில் நுழைய முடியாது. ஆனால் முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஏறத்தாழ 1 செ.மீ. நீளமே உள்ளது, நூல்போல் மெல்லியது, மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. மூலையில் ஒரு சிறு துணித்துண்டைத் தைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாலும், அந்த வேலை வாங்குபவர் தலையில் விழக் கூடாது.

நீர்க்குப்பி இந்தப் பெட்டியில் உள்ளவற்றிலேயே மோசமானது. இலைத்தண்டுகளைச் செருகுவதற்கான துளைகள் பெரிதாக இருப்பதால், தண்டைச் சுற்றி எஞ்சும் இடைவெளி வழியே குஞ்சுகள் தண்டோடு இறங்கித் தண்ணீரில் மூழ்கி இறக்கும். துளையைப் பஞ்சாலோ டிஷ்யூ தாளாலோ இறுக அடைக்க வேண்டும் என்பதை வளர்ப்போர் அனைவரும் அறிவர். குப்பியைச் செய்தவரும் அறிந்திருக்க வேண்டும். துளையைச் சிறிதாக்குவது பெரிய செலவுள்ள மாற்றம் அன்று.

உணவைப் பொறுத்தவரை ஐவி என்னும் படர்கொடி, பிரிவெட் என்னும் வேலிப்புதர், பிளாக்பெர்ரி, ரோஜா ஆகியவற்றின் இலைகளைக் கையேடு பட்டியலிடுகிறது, பட்டியல் சரியானது. இவற்றுள் ஐவியும் பிரிவெட்டும் நீரில் நின்று பல நாள் வாடாமல் இருக்கும். ரோஜா விரைவில் வாடும். குஞ்சுகள் இலையின் விளிம்பிலிருந்தே தின்னத் தொடங்குவதால், தடித்த ஐவி இலையாக இருந்தால் அதன் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பது நல்லது. முதல் சில நாட்களில் குஞ்சுகள் இறப்பதற்குப் பசி ஒரு முக்கியக் காரணம், இலை கூண்டுக்குள் இருந்தும் தின்ன முடியாத பசி. கையேடு அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்று பூச்சிக்கொல்லி. பூக்கடையிலோ நாற்றங்காலிலோ வாங்கிய செடியின் இலையில் மருந்து எஞ்சியிருந்தால், ஒரே இரவில் கூண்டு முழுவதும் இறந்துவிடும். கழுவினால் போகும் என்று நம்பக் கூடாது. சில மருந்துகள் செடியின் உள்ளேயே பரவியிருக்கும். மருந்து தெளிக்காத செடி எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பெட்டியை வாங்க வேண்டும்.

தெளிப்பான் நன்றாகவே வேலை செய்கிறது, நுண்துளிகளாகத் தெளிக்கிறது. மாலையில் இலைகளின் மீது ஒருமுறை தெளித்தால் போதும்; பூச்சிகள் அந்தத் துளிகளைக் குடிப்பதையும் பார்க்கலாம். மறுநாள் காலைக்குள் கூண்டு காய்ந்துவிட வேண்டும், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். வலைக்கூண்டில் காற்றோட்டம் இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

இனி, குறைந்த பராமரிப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். தினம் மாலையில் தெளிப்பது, இலை வாடும்போது மாற்றுவது, வாரம் ஒருமுறை அடித்தட்டைத் துடைப்பது, இவ்வளவே வேலை. அந்த வகையில் அறிவிப்பு உண்மையானது. ஆனால் எந்த வேலையையும் தள்ளிப்போட முடியாது. இலை தீர்ந்த கூண்டில் பூச்சிகள் ஒன்றன் காலை மற்றொன்று கடிப்பதும் உண்டு. மேலும், இது பகலில் விளையாட்டுக் காட்டும் உயிர் அன்று. வெளிச்சத்தில் முன்னங்கால்களைத் தலைக்கு முன்னே நீட்டி, ஒரு குச்சியாகவே கிடக்கும். தொட்டால் விறைத்துப்போய் விழும், இறந்துவிட்டதோ என்று குழந்தைகள் அஞ்சுவார்கள். விளக்கணைத்த பிறகுதான் நடக்கும், தின்னும், நிறம்கூடச் சற்றுக் கருக்கும். இரவில் மங்கலான ஒளியில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கும் மனம் உள்ளவருக்கு இதைவிட நிறைவான சிற்றுயிரை நான் அறியேன். கையில் எடுக்க விரும்பினால், இழுக்கக் கூடாது. விரலை அதன் முன்னே வைத்து, தானாக ஏற விட வேண்டும். பிடித்து இழுத்தால் காலை உதிர்த்துவிடும். இளம் பூச்சியானால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் புதுக் கால் சிறிதாக முளைத்து வளரும். முழு வளர்ச்சி அடைந்த பூச்சி மீண்டும் தோலுரிப்பதில்லை, ஆகவே போன கால் போனதுதான். முன்னங்கால்களின் அடியில் சிவப்பு நிறம் தெரிந்தால் அது வளர்ந்த பூச்சி என்று அறியலாம்.

இதே வரிசையில் விற்கப்படும் பிற பெட்டிகளையும் வளர்த்துப் பார்த்திருப்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஜெல் நிரப்பிய எறும்புப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1956-ல் அமெரிக்காவில் மில்டன் லெவின் விற்பனைக்குக் கொண்டுவந்த மணல் நிரப்பிய எறும்புப் பண்ணை முதல் இன்றைய ஜெல் பெட்டி வரை, இவ்வகையில் பெரும்பாலும் ராணி இல்லாமல் தொழிலாளி எறும்புகளை மட்டுமே விட்டு வளர்க்கிறார்கள். புது எறும்புகள் பிறப்பதில்லை, சில மாதங்களில் கூட்டம் அழிகிறது. எறும்பு வளர்க்க உண்மையான ஆர்வம் உள்ளவர், ராணியை ஒரு சோதனைக்குழாயில், பஞ்சால் அடைத்த நீரோடு, இருட்டில் வைத்துத் தொடங்குவதே முறை. டிரையோப்ஸ் என்னும் சிறு நன்னீர் உயிரின் பெட்டி வேறு வகை: ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்த முட்டை நீர் பட்டதும் உயிர்பெறுவதைக் காண்பது பெரும் வியப்பு, ஆனால் அது சில மாதங்களே வாழும், தண்ணீரின் தூய்மையை ஓயாமல் கவனிக்க வேண்டும், குறைந்த பராமரிப்பு என்று அதைச் சொல்லக் கூடாது. வேலை மிகக் குறைவாக வேண்டும் என்பவருக்கு ஐசோபாட்களே பொருத்தம். பூச்சி இனமே அல்லாத, நண்டு இறால் வகையைச் சேர்ந்த இந்த நிலவாழ் உயிர்கள், ஒரு மூலை ஈரமாகவும் ஒரு மூலை உலர்ந்தும் உள்ள டப்பாவில் உதிர்ந்த இலைகளைத் தின்றுகொண்டு பெருகும். கண்டு வியக்கும் அளவில் அவை குச்சிப்பூச்சிக்கு ஈடில்லை என்பது என் எண்ணம். அவற்றை விரும்புவோர் உடன்படமாட்டார்கள்.

கடைசியாக முட்டைகள். கையேட்டின் மீது எனக்குள்ள பெரிய குறை இதில்தான். முட்டைகள் சில வாரங்களில் பொரிக்கும் என்று அது கூறுகிறது. அறை வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதங்கள்கூட ஆகும் என்பதே உண்மை. சில வாரம் காத்திருந்து, ஒன்றும் வராததால் டப்பியைக் குப்பையில் கொட்டுபவர், தன்னை அறியாமலே உயிருள்ள முட்டைகளை வெளியே விடுகிறார். வளர்ப்பு வெற்றி பெற்றாலும் இதே சிக்கல்தான்: ஒரு பெண் தன் வாழ்நாளில் பல நூறு முட்டைகளை இடும், 2 மி.மீ. அளவுள்ள பழுப்பு உருண்டைகளாக அவை கழிவோடு கலந்து கிடக்கும், துடைப்பவர் எல்லாவற்றையும் சேர்த்தே கொட்டுவார். வளர்ப்பிலிருந்து தப்பிய இந்தப் பூச்சிகள் தென்னாப்பிரிக்காவிலும் கலிஃபோர்னியாவிலும் அசோர்ஸ் தீவுகளிலும் வெளியில் நிலைபெற்றுவிட்டன. அமெரிக்காவில் இவற்றை வளர்க்க அரசின் அனுமதி வேண்டும் என்று விதி இருப்பதற்கு இத்தகைய அச்சமே காரணம். எந்த நாட்டில் இருந்தாலும், அயல்நாட்டு முட்டைகளை அஞ்சலில் வரவழைப்பதற்கு முன் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பவர் இதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

வளர்ப்பவர் செய்ய வேண்டியது எளிது. கூண்டின் அடித்தட்டில் வெள்ளைத்தாள் விரித்து, வாரந்தோறும் அதில் விழுந்திருப்பதைச் சலித்து, அடுத்த தலைமுறைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு முட்டைகளை மட்டும் டிஷ்யூ விரித்த டப்பியில் எடுத்து வைத்து, அதை அவ்வப்போது லேசாக நனைக்க வேண்டும். மிகவும் காய்ந்துபோனால் பொரிக்கும் குஞ்சின் கால் முட்டை ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். மற்ற முட்டைகளையும் கழிவையும் பழைய இலைக்கொத்தையும் உறையில் கட்டி, ஃப்ரீசரில் சில நாட்கள் உறைய வைத்த பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும். இந்தக் கூண்டின் அளவுக்கு வளர்ந்த பூச்சிகள் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், எடுத்து வைக்கும் எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம்.