இரண்டு 9 வாட் பல்பில் ஒரு செடித் தொட்டி

என்னுடையது தண்ணீருக்குள் செடி வளர்க்கும் இரண்டடித் தொட்டி: 60 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 30. விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். அதற்கு மேலே சில வருடங்களாக எரிவது வீட்டு ஹாலில் போடும் 9 வாட் எல்இடி பல்புகள் இரண்டுதான். செடிகளுக்கென்று தண்ணீரில் தனியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயு கொடுப்பதில்லை.

அமைப்பு எளிது. அலமாரி வேலையில் மிஞ்சிய வெள்ளை பிவிசி ஷீட் துண்டில் இரண்டு பேட்டன் ஹோல்டர்களைத் திருகி, பல்புகள் கீழ்நோக்கித் தொங்கும்படி வைத்திருக்கிறேன். பிளைவுட் ஈரத்தில் உப்பும். அலுமினியம் என்றால் எர்த் கொடுத்தே ஆகவேண்டும். பிவிசியில் இரண்டு கவலையும் இல்லை, வெள்ளை நிறம் வெளிச்சத்தைக் கீழே திருப்பியும் விடும். பக்கங்களை மூடாதீர்கள். சூடு வெளியேறாவிட்டால் பல்புக்குள் எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட்தான் முதலில் போகும்.

பல்பு வாங்கும்போது அட்டையில் வெளிச்சத்தின் நிறம் 6500 கெல்வின் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கூல் டேலைட் என்பதும் அதுதான். வெளிச்சத்தின் அளவை லூமனில் சொல்வார்கள், ஒரு பல்பு சுமார் 900 லூமன் தரும். இரண்டும் சேர்ந்தால் லிட்டருக்கு 30 லூமனுக்குக் கொஞ்சம் மேல். மெதுவாக வளரும் செடிகளுக்கு இது தாராளம்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் நன்றாக வந்தன. கிரிப்டோகோரைன் வெண்டியை நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்து போகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும். என் தொட்டியில் அதுவே இப்போது பின்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. வாலிஸ்னேரியா போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை விரும்பும் செடி, ஓடி ஓடிக் கன்று விட்டது. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவை அடிக்கடி வெட்டாமல் சமாளிக்க முடியாது. சிவப்புச் செடி மட்டும் இந்த வெளிச்சத்தில் நடக்காது. ஆல்டர்னாந்திரா கணுக்கணுவாக நீண்டு நிறம் வெளுத்தது. தரையில் புல்போலப் படரும் செடிகளுக்கும் இது போதாது.

வாட்டைவிட நேரம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எட்டு மணி நேரம் எரிந்தபோது அனுபியாஸ் இலைகளில் பச்சைப் புள்ளிப் பாசி ஏறியது. ஏழாகக் குறைத்து, அந்தச் செடியையும் பல்புக்கு நேர் கீழிருந்து நகர்த்தியதும் புது இலைகள் சுத்தமாக வந்தன. கையால் போட்டு அணைத்தால் நேரம் தவறிக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைமர் ஒன்றை அவசியம் வாங்குங்கள். மின்சாரம் மாதத்துக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெளிச்சம் கூடும் என்று பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மலிவான பல்புகள் பலவற்றில் உள்ளே இருக்கும் எல்இடி தகட்டிலேயே மெயின் கரண்ட் இருக்கும். தண்ணீருக்கு மேலே அதைத் திறந்து வைப்பது உயிருக்கு ஆபத்து. தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுங்கள். ஒயர் பிளக்குக்கு வருமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கவேண்டும். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு பல்பு மினுங்க ஆரம்பித்தது. மாற்ற நூறு ரூபாய் அளவில்தான் ஆனது, தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது. மூன்றடித் தொட்டி வைப்பவர்களுக்கு மட்டும் பல்பைவிட நீளமான எல்இடி பேட்டன் டியூப்பைச் சொல்வேன். ஓரங்கள் இருட்டாக நிற்காது.