ஒருபக்கம் சாய்ந்து ஓடும் சிறு படகு: எடையை நகர்த்துவதா, டிரிம் தகடு மாட்டுவதா?

ஐந்து மீட்டருக்குள் அடங்கும், ஒற்றை அவுட்போர்டு எஞ்சின் (படகுக்கு வெளியே, பின்னால் தொங்கும் எஞ்சின்) கொண்ட படகு ஓடும்போது ஒருக்களிக்கிறது என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "டிரிம் தகடு மாட்டுங்கள்" என்பதுதான். படகின் பின்முனையை அடைக்கும் பின்பலகையின் அடியில், இரு ஓரத்திலும் மாட்டி ஏற்றி இறக்கும் தகடு அது. இந்த அளவுப் படகுக்கு எங்கள் தேர்வு வேறு. முதலில் பேட்டரி, இருக்கை, நங்கூரம் ஆகியவற்றின் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சாய்வு மிஞ்சினால் தகட்டைப் பற்றி யோசிக்கலாம். வாங்கும் செலவை வைத்து இதைச் சொல்லவில்லை; மாட்டிய பிறகு வரும் பராமரிப்பை வைத்துச் சொல்கிறோம். இரட்டை எஞ்சின் படகுக்கும் உள் எஞ்சின் படகுக்கும் கீழே வரும் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம்.

இரண்டில் எதைத் தொடுவதற்கு முன்பும் சாய்வு எப்போது வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். நிற்கும்போதே சாய்ந்திருந்தால் அது எடைக்கோளாறு: அடித்தட்டில் தேங்கிய நீர், நீர் குடித்துக் கனத்துப்போன மிதவை நுரை, ஓரமாக வைத்த எரிபொருள் டேங்க். ஒருமுறை இடமும் மறுமுறை வலமும் மாறி மாறிச் சாய்ந்தால், உள்ளே நீர் புரள்கிறது அல்லது பாரம் உயரத்தில் இருக்கிறது. அந்தப் படகில் நகர்த்துவதும் பயன் தராது, தகடும் பயன் தராது; நீரை இறைத்து, பாரத்தைக் கீழே இறக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் மட்டும் சாய்கிறதென்றால் கோளாறே இல்லை. ஆழமான வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துத் திருப்பியபடி ஓட்டும்போது, அது காற்று வரும் பக்கமாகவே சாயும். எஞ்சினின் சாய்கோணத்தை மாற்றி அளவுக்கு மீறி உள்ளே, படகை நோக்கி இழுத்து வைத்து அணியத்தை (படகின் முன்முனையை) அழுத்தினாலும் இந்தச் சாய்வு கூடும். ஒரு பொத்தான் அழுத்தத்தில் தீரக்கூடியது என்பதால் எஞ்சினைச் சற்று வெளியே தள்ளிப் பார்ப்பதே முதல் சோதனை.

நிற்கும்போது நேராக இருந்து, வேகம் எடுத்தபின் எப்போதும் ஒரே பக்கம் சாயும் படகுதான் இந்த ஒப்பீட்டுக்கு உரியது. பெரும்பாலான ஒற்றை அவுட்போர்டுகளில் புரொப்பல்லர், பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் உருட்டும். எனவே இடச்சாய்வுக்கு எஞ்சினே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட எஞ்சின் இருந்தும் படகு வலப்பக்கம் சாய்ந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த எதிர்விசை எவ்வளவு? 40 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்; அது சுமார் 30 கிலோவாட். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில் ஓடி, கியர் விகிதம் 2:1 என்றால் புரொப்பல்லர் 2,750 சுழற்சியில் சுற்றும். அப்போது முறுக்குவிசை சுமார் 104 நியூட்டன்-மீட்டர். எடைக் கணக்கில் சொன்னால், நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 10.5 கிலோ வைத்ததற்குச் சமம். இது முழு வேகத்தில். முறுக்குவிசை ஏறத்தாழ சுழற்சியின் இருமடிப்படி குறைவதால், வழக்கமாக ஓட்டும் 4,000 சுழற்சியில் அது பாதியளவுக்கு, சுமார் 5.6 கிலோவுக்கு, இறங்கிவிடும்.

இப்போது 70 கிலோ எடையுள்ள ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். அவர் 8 செ.மீ. வலப்பக்கம் நகர்ந்தாலே அந்த 5.6 சரியாகிவிடுகிறது. 25 கிலோ பேட்டரி என்றால் 22 செ.மீ. நகர்த்தினால் போதும். பின்பலகையில் துளை போடும் அளவுக்குப் பெரிய விசை இல்லை இது.

சோதனையும் எளிது. நீர்மட்டக் கருவி ஒன்றைக் குறுக்கு இருக்கையின் மேல் ஒட்டிவையுங்கள். படகு நின்றிருக்கும்போது குமிழ் நடுவில் இருக்க வேண்டும். காற்று குறைந்த நேரத்தில், வழக்கமான வேகத்தில் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். திருப்பும்போது குமிழ் சொல்வதை நம்பக்கூடாது. எடை தெரிந்த ஒருவரை நடுவில் உட்காரவைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை பத்துப் பத்து செ.மீ. ஆக நகரச் சொல்லுங்கள். அதே வழியில் திரும்பி வந்து மறுபடி பாருங்கள். இரண்டின் சராசரியே காற்றின் பங்கைக் கழித்த அளவு. அவர் எடையை (கிலோ) நகர்ந்த தூரத்தால் (மீட்டர்) பெருக்கினால் தேவையான விசை, மேலே சொன்ன 5.6, 10.5 போன்ற எண்ணாகவே, கிடைத்துவிடும். 60 கிலோ ஆள் 10 செ.மீ. நகர்ந்தது போதுமென்றால் பேட்டரியை நகர்த்தினால் வேலை முடிந்தது. அதே ஆள் 30 செ.மீ. நகர வேண்டியிருந்தால் விசை 18 ஆகிறது. 40 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில்கூட அவ்வளவு உருட்டாது. அங்கே எடையை அடுக்கிச் சரிக்கட்டப் பார்க்காமல் அடிப்பாகத்தைத் தேட வேண்டும்.

தேடுவது இப்படி: படகு கரையில் இருக்கும்போது, நேரான சட்டம் ஒன்றை அடிப்பாகத்தின் கடைசி ஒன்றரை மீட்டரில், நீளவாக்கில், இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உட்குழிந்திருந்தால் ஓட்டத்தில் அந்தப் பக்கம் தூக்கப்பட்டு மறுபக்கம் சாயும். வெளியே உப்பியிருந்தால் அந்தப் பக்கமே இறங்கும். டிரெய்லரில் தாங்குகட்டை பின்பலகைவரை எட்டாமல் பல மாதம் நின்ற ஃபைபர் படகில் இது வர வாய்ப்புண்டு. ஆழமானியின் சென்சார் அடிமட்டத்துக்குக் கீழே அதிகம் தொங்கினாலும் அந்தப் பக்கம் எழும்பும். எஞ்சின் நடுக்கோட்டில் நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல், இரு ஓரங்களிலிருந்தும் அளந்து பாருங்கள்.

நகர்த்துவதில் ஒரு விதியை மட்டும் மீற வேண்டாம்: குறையக்கூடிய எடை நடுக்கோட்டில், மாறாத எடை ஓரத்தில். 25 லிட்டர் பெட்ரோல் சுமார் 18.5 கிலோ. அதை வலப்பக்கம் வைத்துச் சாய்வைச் சரிசெய்தால், திரும்பி வரும்போது டேங்க் காலியாகிச் சாய்வும் திரும்பிவிடும். பேட்டரியை நகர்த்தும்போது பழைய கம்பியோடு துண்டு ஒட்டக்கூடாது. முழு நீளத்துக்குப் புதிய கம்பி, ஒரு அளவு தடிமன் கூட்டி இழுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டும் நீளுகின்றன. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்துக்கு அந்த நீளம் பொருட்படுத்த வேண்டியது. பெட்டியைப் பட்டையால் இறுக்கியபின் எந்தப் பக்கம் தள்ளினாலும் 25 மி.மீ.க்கு மேல் அசையக்கூடாது. பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் ஒரே அடைப்புக்குள் வைக்க வேண்டாம்.

இதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. எடை எப்போதும் அங்கேயே இருக்கும், முறுக்குவிசையோ எஞ்சின் ஓடும்போது மட்டும். அதனால் நிற்கும்போது படகு ஒன்றிரண்டு பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். முழு வேகத்துக்குச் சரிசெய்தால் இது இரட்டிப்பாகும். வழக்கமான வேகத்துக்குச் சரிசெய்து, முழு வேகத்தில் கொஞ்சம் சாய்வை விட்டுவிடுவதே நல்லது.

டிரிம் தகட்டின் பலம் இங்கேதான். சாய்ந்த பக்கத் தகட்டைக் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பக்கம் எழும்பும், நின்றால் தகடும் சும்மா இருக்கும். மின்மோட்டார் வகை, ஹைட்ராலிக் வகை, பொத்தானே இல்லாத ஸ்பிரிங் வகை என மூன்று உண்டு. இந்த அளவுப் படகில் முதல் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. ஸ்பிரிங் வகை அணியம் அதிகம் தூக்குவதைக் குறைக்கும். ஒருபக்கச் சாய்வுக்கு அதை நாங்கள் முதலில் பரிந்துரைக்க மாட்டோம், ஏனென்றால் ஓடும்போது ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற அதில் வழியில்லை.

ஆனால் அதை மாட்டுவது பின்பலகையில், பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே. ஒரு தகட்டின் கீலுக்கு (தகடு மடங்கும் இணைப்புக்கு) மட்டும் வரிசையாகத் திருகுகள், மேலே தகட்டை ஏற்றி இறக்கும் தண்டின் பிடிமானத்துக்குச் சில, கம்பியோ குழாயோ உள்ளே போக ஒரு துளை. இவையெல்லாம் இரண்டு மடங்கு. பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். ஒரு திருகைச் சுற்றி ஒட்டுப்பசை விட்டுப்போனால் நீர் மெல்ல உள்ளே இறங்கி மரத்தை ஊறவைக்கும். எஞ்சின் தொங்குவதும் அதே பலகையில்தான். மாட்டியே தீர வேண்டுமென்றால், துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் திருகு அளவுக்கு மறுபடி துளையிட்டு, கடல்பயன்பாட்டு பாலியூரிதேன் பசையோடு முறுக்க வேண்டும். வீட்டுச் சிலிக்கான் இங்கே ஆகாது.

அதோடு முடிவதில்லை. உப்புநீரில் தகட்டுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டி வேண்டும். அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அலுமினியப் படகில் ஸ்டெயின்லெஸ் தகடு நேரடியாகப் பட்டால் அரிக்கப்படுவது படகுதான். நீரிலேயே கட்டிவைக்கும் படகில் தண்டின்மேல் சிப்பி ஒட்டும். உள்ளிழுக்கும்போது அது தண்டைச் சுற்றியுள்ள நீர்த்தடுப்பு வளையத்தைக் கிழிக்கும். அதனால் கட்டும்போது தகட்டை முழுவதும் மேலே ஏற்றிவிட வேண்டும். ஹைட்ராலிக் வகையில் எண்ணெய் அளவு, மின்வகையில் இணைப்புகளில் பச்சை பூப்பது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணலில் ஏற்றும் படகு, வலை இழுக்கும் படகு என்றால் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு வளையும், கயிற்றில் மாட்டும்.

நடுவே இரண்டு மலிவான யோசனைகள் கிடைக்கும். எஞ்சினின் கீழ்த்தட்டில் மாட்டும் இறக்கை பின்பக்கத்தை மொத்தமாகத் தூக்கும், ஒரு பக்கத்தை அல்ல. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் சிறு துடுப்பு, சுக்கான் ஒரு பக்கம் இழுப்பதைச் சரிசெய்ய. இழுக்கும் பக்கத்துக்கே அதன் பின்முனையைத் திருப்ப வேண்டும். சாய்வுக்கு அது மருந்தல்ல.

ஒவ்வொரு முறையும் ஆட்களும் பாரமும் மாறும் படகு, ஆழ்ந்த வி அடிப்பாகத்தோடு காற்றில் நெடுந்தூரம் ஓடும் படகு, ஆறு மீட்டரை நெருங்கும் படகு என்றால் நாங்களும் தகட்டைத்தான் சொல்வோம். அப்போது பொத்தானைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். படகு பதில் சொல்லச் சில நொடிகள் ஆகும். பல கட்டுப்பாட்டுப் பலகைகளில் பொத்தான் அணியத்தை வைத்துப் பெயரிடப்பட்டிருக்கும்: இடப்பொத்தானில் "அணியம் கீழே" அழுத்தினால் இறங்குவது வலத்தகடு. அதை முதலில் கரையிலேயே பார்த்துவிடுங்கள். பின்னாலிருந்து அலை தள்ளும்போது தகடு இரண்டும் மேலே இருக்கட்டும். இல்லையென்றால் அணியம் நீரில் குத்திப் படகு திடீரெனத் திரும்பும்.

தகடு மாட்டிய பழைய படகை வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கீலின் கீழ்த்திருகு ஒன்றைக் கழற்றிப் பார்க்கட்டும். துளை உலர்ந்திருந்தால் பசை பூசி மறுபடி முறுக்கிவிடலாம். பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தால், விலைபேச வேண்டியது தகட்டோடு அல்ல, பின்பலகை மாற்றும் செலவோடு.